பெயின்டர் ஜோக்

“முதல்ல அந்த ஜோக்கைத் தூக்குங்க டாக்டர். பல்லை அப்புறம் பிடுங்கிக்கலாம்!”

நாற்காலியில் வாயைத் திறந்தபடி சாய்ந்திருந்த நோயாளி திடுக்கிட்டார். பல் டாக்டர் ஊசியைத் தட்டில் வைத்துவிட்டுத் திரும்பினார். வாசலில் மூச்சு வாங்க நின்றுகொண்டிருந்தார் நூலகர் அம்மா.

பார்வையற்ற மாணவர்களுக்காகப் பாடப் புத்தகங்களை வாய்விட்டுப் படித்து, பதிவு செய்து அனுப்பும் இணையக் குழு ஒன்று உண்டு. அதற்கு இவர்கள் இருவரும்தான் அட்மின்கள். சம்பளம் கிடையாது. திட்டு மட்டும் தவறாமல் கிடைக்கும்.

“எந்த ஜோக்கு மேடம்?”

“பட்டாசு போட்டதுதான். வேற யாரு?”

பட்டாசு என்பது பஸ் டிரைவர் ஒருவருக்குக் குழுவில் விழுந்த பெயர். அவர் குரலுக்கு மைக்கே தேவையில்லை. டாக்டர் போனை எடுத்துப் பார்த்தார். காலையில் பட்டாசு போட்டிருந்தது இதுதான்:

‘ஒரு பெயின்டர் ஏணியிலேர்ந்து விழுந்து செத்துட்டார். துக்கம் கேக்க வந்தவங்க, கடைசியா என்னம்மா சொன்னார்னு கேட்டாங்க. அதுக்கு அவர் பொண்டாட்டி, “ஏணியைப் பிடிடீன்னு கத்தினார், நான் உள்ளே டீ போட்டுக்கிட்டிருந்தேன்”னு சொன்னாங்க.’

டாக்டருக்குச் சிரிப்பு வரவில்லை. “ரொம்ப சுமாரான ஜோக்குதான். அதுக்காக இப்படித் தலைதெறிக்க ஓடி வரணுமா?”

“புகார் குடுத்திருக்கிறது யாருன்னு நினைக்கிறீங்க? குரலக்கா!”

டாக்டரின் முகம் வெளிறியது. குழுவுக்குத் தூண் மாதிரி இருப்பவர் குரலக்கா. அவர் குரலில் கேட்டால் ரசாயனச் சமன்பாடுகூடத் தாலாட்டு மாதிரி இருக்கும் என்று பிள்ளைகள் சொல்வார்கள். அறிவியல் புத்தகத்தில் பாதியை முடித்திருந்தார். மீதிப் பாதிக்காகப் பிள்ளைகள் காத்திருந்தார்கள். பரீட்சையோ நெருங்கிக்கொண்டிருந்தது.

நூலகர் போனை நீட்டினார். ‘காலையில் வந்த பெயின்டர் ஜோக் என் மனதைப் புண்படுத்திவிட்டது. அதைச் சரி செய்யும்வரை ஒரு வரிகூடப் படிக்க மாட்டேன்.’

“அக்கா வீட்டுக்காரர் என்ன வேலை பார்த்தார், தெரியுமா டாக்டர்? பெயின்டர். போன வருஷம்தான் தவறிட்டார்.”

“ஐயையோ! எப்படி?”

“யாருக்குத் தெரியும்? துக்கத்துல இருக்கிறவங்ககிட்ட விழுந்தாரா, எழுந்தாரான்னா கேக்க முடியும்?”

டாக்டர் ஒரே அழுத்தில் ஜோக்கை நீக்கினார். நோயாளி ஏதோ கருத்துச் சொல்ல முயன்றார். வாய் மரத்துப்போயிருந்ததால் யாருக்கும் புரியவில்லை.

சாயங்காலம் மூவருமாகக் குரலக்கா வீட்டு மாடிப்படி ஏறினார்கள். காக்கிச் சட்டையோடு வந்திருந்த பட்டாசு நமத்துப்போயிருந்தார்.

“எங்க டிப்போல எல்லாரும் சொல்ற ஜோக்குங்க மேடம். அக்கா கதை சத்தியமா எனக்குத் தெரியாது.”

“மன்னிச்சிடுங்கன்னு ஒரு வார்த்தை. அதோட வாயை மூடிக்கணும்” என்றார் நூலகர்.

“ஏணிங்கிற பேச்சே எடுக்கக் கூடாது” என்றார் டாக்டர்.

கதவு திறந்தது. கூடத்துச் சுவரில் மாட்டியிருந்த படத்தில் அக்காவின் வீட்டுக்காரர் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார். பட்டாசு அந்தப் பக்கமே திரும்பவில்லை.

“வாங்க, உக்காருங்க. முதல்ல டீ போடறேன்.”

“டீ வேணாம்!” மூன்று பேரும் ஒரே குரலில் அலறினார்கள்.

“ஏன், யாரும் டீ குடிக்க மாட்டீங்களா?”

“விட்டுட்டோம்க்கா.”

“மூணு பேருமா?”

“ஒண்ணாத்தான் விட்டோம்” என்றார் டாக்டர். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, வழியெல்லாம் மனப்பாடம் செய்துவந்ததை ஆரம்பித்தார். “அக்கா, நம்ம குழு இவ்வளவு உசரத்துக்கு ஏறி வந்திருக்குன்னா, அதுக்கு நீங்கதான் ஏ… ஏ…”

நூலகர் காலை மிதித்தார்.

“ஏகப்பட்ட காரணம்!”

குரலக்கா மூவரையும் மாறி மாறிப் பார்த்தார். “அந்த ஜோக்கை என்ன பண்ணீங்க?”

“தூக்கிட்டோம்க்கா. அடியோட!” என்றார் நூலகர் பெருமையாக.

“தூக்கிட்டீங்களா?” அக்காவின் குரல் உடைந்தது. கண்ணில் நீர் தளும்பியது.

பட்டாசுக்குத் தாங்கவில்லை. சட்டென்று எழுந்து கைகூப்பினார். “தப்புதான்க்கா. என்னைக் குழுவை விட்டே தள்ளிடுங்க. பிள்ளைங்களுக்குப் படிக்கிறதை மட்டும் நிறுத்திடாதீங்க.”

“உங்களுக்கு யாருப்பா சொன்னது அந்த ஜோக்கை?”

“எங்க டிப்போல கேட்டதுக்கா.”

“அந்த டிப்போவுக்குப் பெயின்ட் அடிச்சது யாரு?”

குரலக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சுவரிலிருந்த படத்தைப் பார்த்தார்.

“தூக்கச் சொல்லி யாரு கேட்டா? சரி பண்ணத்தானே சொன்னேன்! அவரே கட்டின ஜோக்குப்பா அது. ஆஸ்பத்திரியில காய்ச்சலோட கிடந்தப்பகூட நர்ஸுங்ககிட்டச் சொல்லி, வயிறு வலிக்கச் சிரிக்க வெச்ச மனுஷன். நீங்க கடைசி வரியை இப்படிக் கொலை பண்ணினா எனக்கு வலிக்காதா? எழுதிக்குங்க: ‘நீ போய் டீ போடு, ஏணி எங்கயும் போகாது’ன்னார்!”