வரிக்கு வரி

பெற்றோர் இட்ட பெயர் சான்றிதழ்களில் மட்டும் வாழ, கல்லூரி முழுவதும் ‘இடியம்மா’ என்றே வழங்கப்பெற்ற முதல்வர் அம்மையாருக்கு அகவை ஐம்பத்தொன்பது. அன்று அந்த இடி விழவிருந்தது, கணினித் துறையின் இறுதியாண்டு மாணவி ஒருத்தியின் தலையில்.

“திருடினது மட்டுமில்ல மேடம், திருடினதை ஊருக்கே அள்ளி விட்டிருக்கா!” என்று மேசையைத் தட்டினார் துறைத்தலைவர்.

தேர்வுக் கூடத்தில் யார் எங்கே அமர வேண்டும் என்று பிரித்துக் கொடுக்கும் மென்பொருளைக் கல்லூரி ஒரு நிறுவனத்திடம் விலைக்கு வாங்கியிருந்தது. பக்கத்தில் இருப்பவளைப் பார்த்து எழுதுவதைத் தடுக்கும் ஏற்பாடு அது. அதையே இவள் தன் பெயரில் இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறாளாம்.

முதல்வருக்கு உடம்பெல்லாம் எரிந்தது. காப்பி அடிப்பவர்களைக் கண்டாலே அவருக்கு ஆகாது.

“ஏம்மா, உன்னைப் படிக்க அனுப்பினாங்களா, கன்னம் வைக்க அனுப்பினாங்களா?”

“அது நான் எழுதினது மேடம். போன வருஷமே எழுதி சார்கிட்டதான் முதல்ல காட்டினேன். எந்தப் பள்ளிக்கூடம், காலேஜ் வேணும்னாலும் சும்மா எடுத்துக்கட்டும்னு திறந்து வெச்சேன். உள்ளே எழுதியிருக்கிறதை யாரும் படிக்கலாம், மாத்திக்கலாம். எழுதினவ பேரை அழிக்கக் கூடாது, எடுத்ததைப் பூட்டி வைக்கக் கூடாது. அவ்வளவுதான் நிபந்தனை.”

“வாயைப் பாருங்க மேடம்! என்கிட்ட இவ எதையும் காட்டல.”

“வெச்ச தேதி அங்கேயே இருக்கு சார்.”

“தேதியை மாத்துறது உனக்கு என்ன பெரிய வித்தையா? பாவம் மேடம் அந்தக் கம்பெனி! விலை பேசிட்டுப் போனவங்க எல்லாம் இவகிட்ட சும்மா எடுத்துக்கிட்டுப் போறாங்க. இவளை இன்னைக்கே வெளியே அனுப்பணும்.”

“மேடம், அடுத்த மாசம் கடைசிப் பரீட்சை. வேலைகூட கிடைச்சிருச்சு. இப்ப அனுப்பிட்டீங்கன்னா எங்க அம்மா…”

“அம்மா ஞாபகம் இப்பத்தான் வருதாக்கும்!” என்று சீறினார் முதல்வர்.

ஆயினும், ஒருத்தியின் படிப்பைப் பறிக்குமுன் உறுதி செய்துகொள்வது முறையல்லவா? துறைத்தலைவர் பக்கம் திரும்பினார்.

“சார், ரெண்டும் ஒண்ணுதானா? நல்லாப் பார்த்தீங்களா?”

“வரிக்கு வரி மேடம்! ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு நானே ஒத்துப் பார்த்தேன். நடுவுல ஒரு கணக்கைத் தேவையே இல்லாம ரெண்டு தடவை போட்டிருக்கு. அந்தத் தப்புகூட அப்படியே இருக்கு!”

“அப்படின்னா சந்தேகமே இல்ல” என்ற முதல்வரின் முகம் இன்னும் சிவந்தது. மாணவி கண்களை இறுக மூடிக்கொண்டாள்.

“போன மாசம் அது மக்கர் பண்ணினப்போ, உள்ளே என்ன எழுதியிருக்குன்னு காட்டுங்க, நம்ம பிள்ளைங்களே சரி பண்ணிடுவாங்கன்னு அந்தக் கம்பெனிகிட்ட கெஞ்சினேன் சார். ‘காசு கொடுத்திருந்தாலும் காட்ட மாட்டோம், பூட்டினது பூட்டினதுதான், எங்க ஆளைத் தவிர வேற யார் கண்ணுலயும் படாது’ன்னு மூஞ்சியில அடிச்ச மாதிரி சொல்லிட்டாங்க.”

துறைத்தலைவரின் கை மேசையிலிருந்து மெல்ல இறங்கியது.

முதல்வர் எழுந்து நின்றார்.

“எனக்கே காட்டாததை, நீங்க வரிக்கு வரி எங்கே சார் பார்த்தீங்க?”

மாணவி காட்டியதை எடுத்துப் பூட்டி விற்ற அந்த நிறுவனத்தை மைத்துனன் பெயரில் நடத்துவது தாமே என்று துறைத்தலைவர் தம் கைப்பட எழுதிக் கொடுத்து வேலையை விட்டு விலகிய நாள், மார்ச் மாதம் பதினான்காம் தேதி, வியாழக்கிழமை.