மெமரி அட்டையில் பஜ்ஜித் துணுக்கு

தணிகாசலத்தின் பத்திர அலுவலகத்துக் கணினி, வேலையின் நடுவிலேயே அணைந்துவிடும். அதற்காகத் தட்டச்சு செய்யும் எஸ்தரைத் திட்டித் தீர்த்தவர், அவளை வேலையிலிருந்து நிறுத்திவிடவும் முடிவு செய்திருந்தார். பழுதுபார்க்க வந்த மும்தாஜ் பெட்டியைத் திறந்ததும் அவளுக்குக் குமட்டியது. மெமரி அட்டையில் பஜ்ஜித் துணுக்குகள் எண்ணெயோடு அப்பியிருக்க, கரப்பான் குஞ்சுகள் மொய்த்துக்கொண்டிருந்தன.

“பெட்டி மேல வச்சு யார் சாப்பிடுறது?”

“நான்தாம்மா.” தணிகாசலம் குரலைத் தாழ்த்தினார். “அந்தப் பொண்ணுகிட்ட சொல்லிடாதீங்க. தப்பு அவ மேலேயே இருக்கட்டும்.”

மும்தாஜுக்கு இப்போதுதான் நிஜமாகவே அருவருத்தது. “எஸ்தர், இங்க வந்து பாருங்க,” என்று உரக்கக் கூப்பிட்டாள்.

எஸ்தர் குனிந்து பார்த்தாள். “இது நீங்க தின்ன பஜ்ஜியாச்சே! இத்தனை நாளா என்னையில்ல சார் திட்டுனீங்க?”

மும்தாஜ் தணிகாசலத்தைக் கை நீட்டச் சொன்னாள். அட்டையைக் கழற்றி, ஊரும் குஞ்சுகளோடு அவருடைய உள்ளங்கையில் வைத்தாள்.