பெரிய அண்டாவின் முறை

ஊரோர அரசுப் பள்ளிக்கூடத்துச் சமையலறையில் ஒரு பெரிய அண்டா இருந்தது. ஊர்ப் பிள்ளைகள் அத்தனை பேரும் தன் சோற்றைத் தின்று வளர்ந்தவர்கள் என்பதில் அதற்கு ஏகப்பட்ட பெருமை. இந்த வருஷமோ பள்ளி திறந்து மழைக்காலமும் வந்தாயிற்று, சமையலம்மா அதைத் தொடவே இல்லை. குட்டிக் குண்டானைத்தான் தினமும் அடுப்பில் ஏற்றினாள்.

"ஏன்டா, பிள்ளைங்களுக்குப் பசியே விட்டுப்போச்சா?" என்று குண்டானிடம் கேட்டது அண்டா.

"பசி இருக்கு அண்ணே, பிள்ளைங்கதான் இல்லை. பாதிப் பேரு மஞ்சள் வேன்ல ஏறி டவுன் பள்ளிக்கூடத்துக்குப் போயிட்டாங்க. பிள்ளை குறைஞ்சதும் ரெண்டு டீச்சரை மாத்திட்டாங்க. அஞ்சு வகுப்பையும் ஒரே டீச்சர் கட்டி மேய்க்கிறதைப் பார்த்து மிச்சப் பேரும் கிளம்பிட்டாங்க."

"நேத்து ஒரு பெரிய பெட்டி வந்து இறங்குச்சே?"

"அது புது டிவி அண்ணே. பாடம் நடத்துமாம்."

மறுநாள் அடைமழை. சமையலம்மா ஓடிவந்து அண்டாவைத் தூக்கினாள்.

"பாத்தியாடா, பிள்ளைங்க திரும்பி வந்துட்டாங்க!" என்று அண்டா பூரித்துப்போனது.

அவள் அதை வகுப்புக்குக் கொண்டுபோய், டிவி நனையாதபடி, ஒழுகும் கூரைக்குக் கீழே வைத்துவிட்டுப் போனாள். எதிரே மூன்று பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். டீச்சர் பேர் கூப்பிட்டார்.

"மலர்க்கொடி."

"உள்ளேன் டீச்சர்."

"இசக்கிராஜா."

அண்டாவுக்குள் ஒரு சொட்டு விழுந்து 'டங்'கென்றது.

"அவனும் வேன்ல போயிட்டான் டீச்சர்" என்றாள் மலர்க்கொடி.

டீச்சர் அடுத்த பேரைக் கூப்பிட்டார். அதற்கும் அண்டாதான் பதில் சொன்னது.