பினாங்குச் சித்தப்பாவின் சேமிப்பு

கஞ்சிக் கிண்ணம் சித்தப்பாவின் மார்பில் கவிழ்ந்தபோது என் கண் கிண்ணத்தில் இல்லை. அவருடைய அரைஞாண் கயிற்றில் தொங்கிய சாவியில் இருந்தது. நல்லவேளை, கஞ்சி ஆறியிருந்தது.

சித்தப்பா திட்டவில்லை. திட்டுவதற்கு அவருக்குப் பேச்சு இல்லை. பினாங்கில் ஒரு மளிகைக் கடையில் இருபத்திரண்டு வருஷம் கணக்கு எழுதியவர், பக்கவாதம் வந்து, 1959-இல் கப்பலில் கொண்டுவந்து இறக்கப்பட்டார். அன்றிலிருந்து திண்டிவனத்து வீட்டில் கட்டிலோடு சரி.

"சாவியப் பாக்காத, வாயப் பாத்து ஊத்துடா," என்றாள் தையல்நாயகி சித்தி. துடைத்து முடித்ததும் அவளே சாவியை அவிழ்த்து என்னிடம் நீட்டினாள். "பொட்டியத் தெறந்துதான் பாரேன். அங்க நெறைய சேத்து வெச்சிருக்காரு. எங்க வெச்சாருன்னுதான் தெரியல."

பெட்டியில் இரண்டு வேட்டி, ஒரு குடை, ஏதோ ஒரு பேங்கின் பழைய காலண்டர். காலண்டரைக் கண்டதும் என் மூளை வேலை செய்தது. அது அடிக்கடி நடக்கிற காரியம் இல்லை.

நான் விழுப்புரத்தில் ஒரு மல்லாட்டை மண்டியில் குமாஸ்தா. எஸ்.எஸ்.எல்.சி. இங்கிலீஷை வேர்க்கடலை மூட்டை எண்ணுவதில் வீணாக்கிக்கொண்டிருந்தவனுக்கு, அயல்நாட்டு பேங்குக்கு மனுப் போட ஒரு சந்தர்ப்பம். விடுவேனா? இரண்டு மாதத்துக்கு ஒரு பேங்க் என்று எழுதித் தள்ளினேன். 'அப்படி ஒருவர் எங்களிடம் கணக்கு வைத்திருக்கவில்லை' என்று அவர்களும் சளைக்காமல் பதில் போட்டார்கள்.

இதற்குள் சேதி பரவி, உறவுக்காரர்கள் எல்லோருக்கும் ஒரே சமயத்தில் பாசம் பொங்கிவிட்டது. இரண்டு மணிக்கு ஒருதரம் புரட்டிப் படுக்கவைக்காவிட்டால் முதுகு புண்ணாகி உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் சொல்லியிருந்தார். சித்தப்பா நெல் மூட்டை கனம். சித்தி அந்தக் குடை கனம்.

அதனால் கண்ணையன் மாமா காலையில் வந்தார். பக்கத்து வீட்டுச் செண்பகம் அக்காவும் அவள் புருஷனும் பகலிலும் ராத்திரியிலும் வந்தார்கள். ஓமந்தூர் மாசிலாமணி அண்ணன் சாயங்காலம் நல்லெண்ணெய்ச் சீசாவோடு வந்தார். ஞாயிற்றுக்கிழமை பாசஞ்சரில் நான் போய் சவரம் செய்து, குளிப்பாட்டினேன். என் பாசமும் சுத்தமானது என்று சொல்ல மாட்டேன். ஒரு புது சைக்கிளாவது தேறும் என்று நினைத்திருந்தேன்.

காய்க்காரியிடம் அரையணாவுக்கு அரைமணி நேரம் வாதாடுகிற சித்தி, அந்தப் பணம் எவ்வளவு இருக்கும் என்று மட்டும் ஒருநாளும் கேட்டதில்லை. ஆசையே இல்லாத மனுஷி என்று வியந்தேன்.

இப்படி இரண்டு வருஷம் ஓடியது. விழுப்புரம் ஸ்டேஷனுக்கு எதிரே டீக்கடை வைத்திருந்த சவுரிராயன் பினாங்கிலிருந்து திரும்பியவர். என் பேங்க் வேட்டையைக் கேட்டுவிட்டு, டீயை ஆற்றுவதை நிறுத்தினார்.

"பேங்க்கா? கடை ஆளுங்க எவன்யா பேங்க்ல போட்டான்? சம்பளம் மொதலாளிகிட்டயே நிக்கும். ஊருக்கு வர்றப்ப கணக்குப் பாத்து மொத்தமா வாங்கிக்கினு கப்பல் ஏறுவோம். நீ தொரைக்கெல்லாம் எழுதிக்கினு கீறியே, அந்த மொதலாளிக்கு ஒரு காயிதம் போட்டியா?"

போடவில்லை. அவருக்குத் தமிழில் அல்லவா எழுத வேண்டும்?

எழுதினேன். மறு மாதமே முதலாளி அரங்கநாதனிடமிருந்து பதில் வந்தது. சித்தப்பா ஒரு நண்பனுக்கு ஜாமீன் நின்றாராம். அவன் ஓடிப்போனானாம். இருபத்திரண்டு வருஷச் சம்பளமும் அதிலேயே கரைந்து, கடைசியில் கப்பல் டிக்கெட்டைக்கூட முதலாளிதான் வாங்கிக் கொடுத்தாராம்.

ரயிலில் அதை மூன்று தரம் படித்தேன். சைக்கிள் போனது போகட்டும். மாசிலாமணி அண்ணனை எனக்கு நன்றாகத் தெரியும். என்னையும் ஓரளவு தெரியும். இந்தக் கடிதம் வெளியே வந்தால், மறுநாளிலிருந்து அந்தக் கட்டிலுக்குச் சித்தி ஒருத்திதான்.

உள்ளே நுழைந்ததுமே மாசிலாமணி அண்ணன் பிடித்துக்கொண்டார். "வாய்யா இங்கிலீஷு தொரை! இன்னா சொல்றான் உன் பேங்க்காரன்?"

"பணம் இருக்குதாம்ண்ணே. பெரிய தொகைதானாம்," என்றேன். என் குரல் எனக்கே நம்பும்படியாக இருந்தது. "ரெண்டு சர்க்காரும் கையெழுத்துப் போடணுமாம். வர்றதுக்கு மூணு நாலு வருஷம் ஆவுமாம்."

"ஆவட்டுமே! எங்க ஓடிப்போவுது?" அண்ணன் மேல்துண்டை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு, சித்தப்பாவைக் குழந்தையைப் போல மறுபக்கம் புரட்டினார். முதுகுக்கு எண்ணெய் தடவினார். "நாளைக்கி ஜல்தியா வந்துர்றேன் சித்தி," என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

வாசல் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. பாவம், ஒன்றும் தெரியாத மனுஷியிடம் பொய் சொல்லிவிட்டோமே என்று தலையைக் குனிந்துகொண்டேன்.

சித்தி சித்தப்பாவின் வாயோரத்தைத் துடைத்தபடியே கேட்டாள்: "அரங்கநாதன் மொதலாளி சௌக்கியமா? ஜாமீன்ல உட்டுட்டு ஓடுனானே, அவன் ஆப்புட்டானாமா?"

சட்டைப் பையில் இருந்த கடிதத்தைத் தொட்டுப் பார்த்தேன். இருந்தது.

"சித்தி... ஒனக்கு எப்பிடி..."

"பையில நீட்டிக்கினு இருக்கற கவர்ல அவரு எழுத்து தெரியுதே. எனக்குந்தான் எழுதுனாரு. இவரு கப்பல் ஏர்றதுக்கு முந்தியே."

"அப்பறம் ஏன் சித்தி பணம் இருக்குதுன்னு சொன்னே? ரெண்டு வருஷமா என்னை ஊர் ஒலகத்து பேங்குக்கெல்லாம் எழுத வெச்சியே!"

சித்தி துணியை உதறிக் கொடியில் போட்டாள்.

"இல்லேன்னு சொல்லியிருந்தா, இவரப் புரட்ட நான் ஒருத்திதான்டா இருந்திருப்பேன்."