மாப்பிள்ளை மாட்டிய செயின்

“மாப்பிள்ளை, குட்டி வண்டியில செயின் மறுபடி கழண்டுடுச்சு. கொஞ்சம் பார்க்கிறீங்களா?”

மாமியார் கதவோரம் நின்று கேட்டாள். மாப்பிள்ளை செல்போனைக் கீழே வைத்துவிட்டுப் பெருமூச்சோடு எழுந்தான். நாட்டைக் காப்பாற்றக் கூப்பிட்டிருந்தால்கூட இவ்வளவு தோரணையாக எழுந்திருக்க மாட்டான்.

குட்டி வண்டி என்பது நாலு தடிச் சக்கரமும் ஒற்றை சீட்டும் வைத்த, மேடு பள்ளம் பார்க்காமல் ஓடுகிற பைக். மாமியாரின் நாற்றுப் பண்ணையில் எரு மூட்டை, செடித்தொட்டி எல்லாவற்றையும் இழுப்பது அதுதான்.

மாப்பிள்ளை ஒரு தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் இருந்தவன். குறை கண்டுபிடிப்பதற்கென்றே சம்பளம் வாங்கியவன். ஆறு மாதத்துக்கு முன் தொழிற்சாலைக்குப் பூட்டுப் போட்டுவிட்டார்கள். அதன்பிறகு பெண்டாட்டியோடு மாமியார் வீட்டுக்கு வந்து சேர்ந்தவனுக்கு, குறை கண்டுபிடிக்கக் கிடைத்தது இந்த ஒரு வண்டிதான்.

கொட்டகையில் வண்டியின் பக்கத்தில் சாக்கை விரித்து உட்கார்ந்தான்.

“எப்படி ஓட்டினீங்க அத்தை?”

“எப்பவும் போலத்தான் மாப்பிள்ளை.”

“எப்பவும் போல ஓட்டினா எப்பவும் போலத்தான் கழலும்.”

பிறகு பாடம் ஆரம்பமாயிற்று. பின் சக்கரத்து நட்டைத் தளர்த்தி, இரண்டு பக்கத்து போல்ட்டையும் ஒரே அளவுக்குத் திருக வேண்டும். ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்கினால் செயின் கோணலாக ஓடிக் கழன்றுவிடும். ரொம்ப இறுக்கினால் அறுந்துவிடும். விரலால் அழுத்தினால் ஒரு அங்குலம் அமுங்க வேண்டும். பத்து நாளைக்கு ஒருமுறை இதே பாடம்தான். மாமியாரும் பத்து நாளைக்கு ஒருமுறை இதையெல்லாம் புதிதாகக் கேட்பதுபோல் “அப்படியா மாப்பிள்ளை” என்று நின்றாள்.

செயினை மாட்டிவிட்டு, கையெல்லாம் கிரீஸோடு சாப்பாட்டு மேசைக்கு வந்தும் அவன் விடவில்லை. எரு மூட்டையை அளவில்லாமல் ஏற்றுகிறார்கள், பள்ளத்தில் பிரேக்கே போடுவதில்லை, எண்ணெய் விடுகிற வழக்கமே இந்த வீட்டில் கிடையாது என்று அடுக்கிக்கொண்டே போனான். மாமியார் அவன் தட்டில் சோறு வைத்துக்கொண்டே இருந்தாள்.

பெண்டாட்டிக்குத்தான் பொறுக்கவில்லை.

“அம்மா எட்டு வருஷமா இந்த வண்டியை ஓட்டறாங்க. நாம வர்றதுக்கு முன்னாடி ஒரு தடவைகூடக் கழண்டதில்லைங்க.”

“கழண்டிருக்கும். பார்த்துச் சொல்ல ஆள் இருந்திருக்காது.”



அடுத்த பத்தாவது நாளும் செயின் கழன்றது. மாப்பிள்ளை ஒரு முடிவுக்கு வந்துவிட்டான். மாமியாரைத் திருத்துவது நடக்கிற காரியமில்லை, செயினையே மாற்றிவிட வேண்டியதுதான். பல நாள் தாடியை மழித்து, பேண்ட் சட்டை போட்டுக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் கடைவீதியில் இருந்த ஒர்க்‌ஷாப்புக்குப் போனான்.

அங்கே இருந்த மெக்கானிக்கை எல்லோரும் ‘ஸ்டெத்’ என்றுதான் கூப்பிட்டார்கள். எஞ்சினில் காதை வைத்தே கோளாறைச் சொல்லிவிடுவானாம். மாப்பிள்ளைக்கு மெக்கானிக்குகள் மேல் மரியாதை கிடையாது. இல்லாத கோளாறைக் கண்டுபிடிக்கிறவர்கள் என்பது அவன் கட்சி.

வண்டியின் மாடலைச் சொல்லிப் புதுச் செயின் கேட்டான்.

“நாற்றுப் பண்ணை வண்டியா?” என்றான் ஸ்டெத். “இந்தப் பக்கத்துல அது ஒண்ணுதானே ஓடுது. அதுக்கு எதுக்கு இன்னொரு செயின்? நாலு மாசம் முன்னாடிதானே செயின், ரெண்டு பல்சக்கரம் எல்லாமே புதுசா போட்டுக் கொடுத்தேன்.”

மாப்பிள்ளைக்குத் தூக்கிவாரிப் போட்டது. பத்துப் பன்னிரண்டு முறை கையில் பிடித்து மாட்டிய செயின் புதுசு என்பது தரக் கட்டுப்பாட்டுக் கண்ணுக்குத் தெரியாமலே போயிருக்கிறது.

ஸ்டெத் அவனைப் பண்ணையில் வேலை செய்கிற ஆள் என்று நினைத்துவிட்டான் போலிருக்கிறது. சாவகாசமாக மேலே சொல்லிக்கொண்டு போனான். அந்த வீட்டு மாப்பிள்ளை முதல் தடவை மாட்டும்போது செயினின் இரண்டு முனையையும் கோக்கிற லாக்கைத் திருப்பிப் போட்டுவிட்டாராம். மறுநாளே லாக் தெறித்து, செயின் சுருண்டு, சக்கரத்துப் பல்லெல்லாம் போய்விட்டதாம். அந்தம்மா வண்டியைத் தள்ளிக்கொண்டே வந்து சேர்ந்தார்களாம். வீட்டில் யாருக்கும் தெரிய வேண்டாம் என்று சொன்னார்களாம்.

மாப்பிள்ளைக்குக் காது சுட்டது. எதிரே நின்று “அப்படியா மாப்பிள்ளை” என்று தலையாட்டிவிட்டு, முதுகுக்குப் பின்னால் மெக்கானிக்கிடம் போயிருக்கிறாள். ஊரெல்லாம் சிரிக்கட்டும் என்றுதானே? இன்றைக்கே மூட்டை கட்டிவிட வேண்டியதுதான் என்று நினைத்தான்.

கோபம் ஸ்டெத் மேல் பாய்ந்தது.

“நீ போட்ட புதுச் செயின்தானே? அப்புறம் ஏன் பத்து நாளைக்கு ஒரு தடவை கழலுது? வேலை லட்சணம் அவ்வளவுதானா?”

ஸ்டெத் கையைத் துணியில் துடைத்துக்கொண்டான். சொல்லலாமா வேண்டாமா என்று கொஞ்சம் யோசித்தான்.

“என் வேலையில குறை இல்லைங்க. அந்தம்மாதான் செயினை எப்படிக் கழட்டி விடறதுன்னு கேட்டுக் கத்துக்கிட்டு, ஸ்பேனரும் வாங்கிட்டுப் போனாங்க. ஓடும்போது கழண்டா ஆபத்து, நிக்கிறப்பவே கழட்டி விடுங்கன்னு சொல்லிக் கொடுத்தேன். நல்லா ஓடற வண்டியை ஏம்மா கெடுக்கிறீங்கன்னும் கேட்டுப் பார்த்தேன்.”

“அதுக்கு என்ன சொன்னாங்க?”

“‘வேலை போன நாள்லேர்ந்து எங்க மாப்பிள்ளை வயிறாரச் சாப்பிடறது, செயின் கழலற அன்னிக்கு மட்டும்தான் தம்பி’ன்னாங்க.”