பேப்பரில் வராத படம்

"போட்டோ வேணாம் சார்!"

ஜெயசீலி டென்னிஸ் மட்டையால் முகத்தை மறைத்துக்கொண்டாள்.

பயிற்சியாளர் கிருபானந்தத்துக்குச் சுருக்கென்றது. சக்கர நாற்காலி டென்னிஸில் பம்பாய்க்காரியைத் தோற்கடித்து, இங்கிலாந்துப் போட்டிக்கு இப்போதுதான் தேர்வாகியிருக்கிறாள். பத்திரிகைக்காரரைக் காலில் விழாத குறையாகக் கெஞ்சி, பாகாயம் மறுவாழ்வு மருத்துவமனை மைதானத்துக்கு அழைத்து வந்தவர் அவர்.

"இன்னா திமிரு இது? மட்டையை இறக்கு!"

"என்னை விட்ருங்க சார்." நாற்காலியைத் திருப்பிக்கொண்டாள்.

பத்திரிகைக்காரர் கேமராவை மூடினார். "ஜெயிச்சதும் தலைக்கனம் ஏறிடுச்சு போல."

கிருபானந்தத்துக்கு அவமானமாகிவிட்டது. ஆம்பூரில் தோல் கம்பெனி மாடியிலிருந்து விழுந்து, இடுப்புக்குக் கீழே உணர்ச்சியில்லாமல் இங்கே வந்து சேர்ந்தவள். சக்கரம் தள்ளித் தள்ளி உள்ளங்கை கிழிந்தாலும் துணியைச் சுற்றிக்கொண்டு ஆடியவள். அவளா இப்படி?

கேட்டுக்கு வெளியே, முக்காடு போட்டபடி அவள் அம்மா ஜெயபுஷ்பம் நின்றிருந்தாள். அவர் கோபமெல்லாம் அந்தப் பக்கம் திரும்பியது.

"ஏம்மா, பொண்ணு இங்கிலாந்து போறா. பெத்தவ நீங்க வெளிய ஒளிஞ்சு நிக்கிறீங்க. அவ இன்னாடான்னா போட்டோவுக்கு மூஞ்சி காட்ட மாட்டேங்கிறா. இன்னா குடும்பமோ!"

"படம் பேப்பர்ல வந்தா எங்க பெரியவ ரோஸ் வாழ்க்கை போய்டும் சார்."

"அதுக்கும் இதுக்கும் இன்னா சம்பந்தம்?"

"சீலி இங்க படுக்கையில கெடந்தப்பதான் ரோஸுக்கு அரக்கோணத்துல மாப்பிள்ளை பேசினோம். தங்கச்சிக்கு இப்டி ஆயிடுச்சுன்னு தெரிஞ்சு, அதுக்கு முன்னாடியே ரெண்டு இடம் தட்டிப் போச்சு. அதனால..." முக்காட்டை இன்னும் இழுத்துவிட்டுக்கொண்டாள். "தங்கச்சி செத்துட்டான்னு சொல்லித்தான் கல்யாணத்தை முடிச்சோம். கல்லறைத் திருநாளுக்கு மாப்பிள்ளையே இவ பேர்ல மெழுகுவத்தி ஏத்துறாரு. ரோஸும் கூட நின்னு அழுவுறா."

கிருபானந்தம் ஓரடி பின்வாங்கினார்.

"சே! உசுரோட இருக்கிற பொண்ணை... அப்டிச் சொல்ல உங்களுக்கு எப்டிம்மா வாய் வந்துச்சு?"

ஜெயபுஷ்பம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"எனக்கு வரலை சார். 'நான் செத்துட்டேன்னு சொல்லிடும்மா, அக்காவாவது வாழட்டும்'னு கட்டில்ல படுத்துக்கினே சொன்னது அவதான்."