கம்ப்யூட்டர் திணறும் நேரம்

வீட்டு வரைபடங்கள் போடும் அக்காவின் கம்ப்யூட்டர் எப்போதும் திணறும். ரேம் போதாததால், டிஸ்க்கில் இடத்தை இரவல் வாங்கிக்கொள்ளும் வர்ச்சுவல் மெமரியைக் கூட்டிக் கூட்டி வைப்பாள். அது உறுமி முடிப்பதற்குள் சமையலறைக்குப் போய் அத்தானுக்கும் தனக்கும் டீ போட்டுக்கொண்டு வந்துவிடுவாள்.

அவள் இறந்த பிறகுதான் அத்தானுக்கு ரோஷம் வந்தது. என்னைக் கூப்பிட்டு அதில் ரேமை அள்ளிப் போடச் சொன்னார். போட்டுக் கொடுத்தேன்.

இன்று போய்ப் பார்த்தேன். புது ரேம் பயன்படாமல் காலியாகக் கிடந்தது. வர்ச்சுவல் மெமரி மட்டும் அக்கா வைத்த அளவிலேயே நின்றது.

“இவ்வளவு ரேம் இருக்கறப்போ இது எதுக்கு அத்தான்? வெட்டியா இடத்த அடைச்சுக்கிட்டு.”

குறைத்துவிட்டு ரீஸ்டார்ட் செய்தேன். கண் மூடித் திறப்பதற்குள் திரை வந்துவிட்டது. அளவு பழையபடி இருந்தது. மறுபடி குறைத்தேன். மறுபடியும் அதே.

“நீங்க கை வெச்சீங்களா?”

“எனக்கு அத ஆஃப் பண்ணக்கூடத் தெரியாதுடா.”

அத்தான் சமையலறைப் பக்கம் பார்த்தார். “இப்பல்லாம் ரொம்ப வேகமா வந்துடுது. டீ போட அவளுக்கு நேரமே கிடைக்கல. புது ரேமக் கழட்டிடு.”

கழற்றிவிட்டு, பழையதை மட்டும் மாட்டி ஆன் செய்தேன். டிஸ்க் உறுமத் தொடங்கியது. திரை கறுப்பாகவே நின்றது. வீட்டில் எங்கள் இருவரைத் தவிர யாரும் இல்லை.

சமையலறையில் அடுப்பு பற்றும் சத்தம் கேட்டது.

அத்தான் மேசையிலிருந்த பேப்பர்களை ஒதுக்கி, மூன்று டம்ளர்களுக்கு இடம் பண்ணினார்.